பழைய ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும் ஆப் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

கொங்குப் பக்கத்துத் தொழில்களுக்கு ஆப் எழுதுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அது யார் கையில் இருக்கும் போனில் ஓடப்போகிறது என்பதை. வீட்டில் புதுப் போன் வாங்கினால் அது காலேஜ் போகும் பிள்ளைக்குப் போகும். பிள்ளை வைத்திருந்தது அப்பாவுக்கு வரும். அப்பா வைத்திருந்தது தறிக் குடோனுக்கோ, தேங்காய்க் களத்துக்கோ, பால் சொசைட்டிக்கோ போய், சார்ஜரை மாட்டியபடியே மேசை மேல் உட்கார்ந்துவிடும். கணக்கு வழக்கு நடப்பது அந்த மூன்றாம் கைப் போனில். அதற்குத் தயாரிப்பாளர் கொடுத்த அப்டேட் என்றைக்கோ நின்றுபோயிருக்கும். ஆண்ட்ராய்டு 7 அல்லது 8-இல் நின்றது நின்றதுதான்.

நாம் கோவையில் சரவணம்பட்டியிலோ பீளமேட்டிலோ புது லேப்டாப்பும் புதுப் போனும் வைத்துக்கொண்டு எழுதுகிறோம். நம் மேசையில் எல்லாம் சரியாக ஓடும். பழைய போனில் எந்த வேலை நிற்கவே கூடாது என்று முதலில் எழுதிவைத்துவிட்டு, அப்புறம் வெர்ஷன் எண்ணைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேலையை முடிவு செய்யாமல் எண்ணை மட்டும் குறைத்து வைத்தால், ஆப் இன்ஸ்டால் ஆகும், ஆனால் உதவாது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன்: கிராமத்துப் பால் சேகரிப்பு மையத்துக்கான ஆப். காலையும் மாலையும் விவசாயிகள் பால் ஊற்றுவார்கள். லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கிய திடப்பொருள்) ஆகியவற்றைப் பதிந்து, சின்ன ப்ளூடூத் பிரிண்டரில் துண்டுச்சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். இந்த ஆப்பில் நிற்கக் கூடாத வேலை இரண்டு: பதிவு, சீட்டு. வரைபடம், போட்டோ, மாத ஒப்பீடு எல்லாம் அப்புறம்.

படி 1: மூன்று எண்களைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்

எஸ்டிகே (SDK) என்பது ஆப் எழுதுவதற்கான கருவித் தொகுப்பு; ஒவ்வொரு ஆண்ட்ராய்டு வெர்ஷனுக்கும் அதில் ஓர் எண் உண்டு. ஆண்ட்ராய்டு ப்ராஜெக்டில் மின் எஸ்டிகே (minSdk), டார்கெட் எஸ்டிகே, கம்பைல் எஸ்டிகே என்று அந்த எண்களில் மூன்றைக் குறிப்பிட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் குழம்பும் இடம் இது.

மின் எஸ்டிகே என்பது வாசல். அதற்குக் கீழ் உள்ள போன்களுக்கு ப்ளே ஸ்டோர் ஆப்பைக் காட்டாது. டார்கெட் எஸ்டிகே என்பது, “இந்த வெர்ஷனின் விதிகளுக்கு என் ஆப் கட்டுப்படும்” என்று நாம் கொடுக்கும் வாக்கு. கம்பைல் எஸ்டிகே, கோடு (code) எழுதும்போது எந்த வெர்ஷன் வரைக்குமான வசதிகள் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதைச் சொல்கிறது.

ப்ளே ஸ்டோர் வருடா வருடம் உயர்த்தச் சொல்வது டார்கெட்டை மட்டும். 2025 ஆகஸ்ட் 31 முதல் புது ஆப்களும் அப்டேட்களும் 35-ஐ, அதாவது ஆண்ட்ராய்டு 15-ஐ டார்கெட் செய்ய வேண்டும் என்பது விதி. அதனால் பழைய போன்கள் வெளியே போய்விடாது. டார்கெட் 35, மின் 23 என்று ஒரே ஆப்பில் தாராளமாக வைக்கலாம். “ப்ளே ஸ்டோர் சொல்லிவிட்டது, இனிப் பழைய போனுக்கு முடியாது” என்று வாடிக்கையாளரிடம் யாராவது சொன்னால் அது தவறான தகவல்.

படி 2: போனைக் கையில் வாங்கிப் பாருங்கள்

ஆப் ஏற்கெனவே ப்ளே ஸ்டோரில் இருந்தால், ப்ளே கன்சோலின் (ஆப் வெளியிடுகிறவர்களுக்கான தளம்) புள்ளிவிவரப் பக்கத்தில் ஆண்ட்ராய்டு வெர்ஷன் வாரியாக எத்தனை பேர் என்று பார்க்கலாம். உலகம் முழுவதற்குமான சராசரி அட்டவணையை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதில் நம் ஊர்க் களத்து மேசையில் இருக்கும் போன் தெரியாது.

ஆப் இன்னும் வரவில்லை என்றால் நேரில் போக வேண்டும். பொள்ளாச்சியில் தேங்காய்க் களம், பல்லடத்தில் தறிக் குடோன், சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ், கோபிப் பக்கத்தில் பால் மையம் என்று எங்கே ஓடப்போகிறதோ அங்கே. போனை வாங்கி செட்டிங்ஸில் நான்கு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: ஆண்ட்ராய்டு வெர்ஷன், ரேம், மிச்சமிருக்கும் ஸ்டோரேஜ், ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூவின் (ஆப்புக்குள் வெப் பக்கம் காட்டும் பகுதி) வெர்ஷன்.

கோபிப் பக்கத்து மையம் ஒன்றில் பார்த்த போன் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஓரம் விரிசல் விட்ட கண்ணாடிக்கு மேல் செல்லோ டேப். பின்மூடி கழன்று வராமல் இருக்க ரப்பர் பேண்ட். ஆண்ட்ராய்டு 7.0. வாட்ஸப் வீடியோக்கள் நிறைந்து, ஸ்டோரேஜில் 300 எம்பி கூட மிச்சமில்லை. மையத்துக்காரர் சொன்னார்: “போனு நல்லாத்தானுங்க இருக்குது தம்பி. பில்லு மட்டுந்தான் வர மாட்டீங்குது.” அவர் சொன்னது முழுக்க உண்மை. கால் வருகிறது, வாட்ஸப் ஓடுகிறது, வெளிச்சம் அடிக்கிறது. அவர் கணக்கில் பழுதானது போன் இல்லை, ஆப்தான்.

எண்ணிக்கையைவிட எடை முக்கியம் என்பதை இங்கேதான் புரிந்துகொள்ள வேண்டும். கன்சோலில் அவர் ஒரே ஒரு பயனர். ஆனால் ஊர் முழுவதும் ஊற்றும் பாலின் கணக்கு அந்த ஒரு போனில் இருக்கிறது. ஆப்பைத் திறந்து பாக்கியை மட்டும் பார்க்கும் விவசாயியும் ஒரு பயனர்; பதிவு போடும் மையத்துக்காரரும் ஒரு பயனர். விழுக்காடு இந்த இருவரையும் ஒன்றாகவே எண்ணும். ஆகவே பட்டியல் எடுக்கும்போது வெர்ஷனோடு “இந்தப் போனை நம்பி எத்தனை பேர் கணக்கு இருக்கிறது” என்ற கட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: மின் எஸ்டிகே எல்லைக் கோட்டை எங்கே போடுவது

ஆண்ட்ராய்டு 5.0 (2014) எண் 21. 6.0 (2015) எண் 23. 7.0 (2016) எண் 24. 8.0 (2017) எண் 26. 9 (2018) எண் 28. 10 (2019) எண் 29. அப்புறம் 11-க்கு 30, 12-க்கு 31, 13-க்கு 33, 14-க்கு 34 என்று போகும்.

கீழ்க்கோட்டை நாம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கூகுள் ப்ளே சர்வீசஸ் 2023-இல் கிட்கேட்டையும் (ஆண்ட்ராய்டு 4.4) 2024-இல் லாலிபாப்பையும் (ஆண்ட்ராய்டு 5) கைவிட்டது. ஆண்ட்ராய்டுஎக்ஸ் என்று கூகுள் தரும் லைப்ரரிகளின் (நாம் சேர்த்துக்கொள்ளும் ஆயத்தக் கோடு) புது வெளியீடுகள் 2025 நடுவில் இருந்து 23-ஐக் குறைந்தபட்சமாகக் கேட்கின்றன. குரோம் 138-தான் ஆண்ட்ராய்டு 8, 9-க்குக் கடைசி. 139 முதல் ஆண்ட்ராய்டு 10 வேண்டும். ஆப்புக்குள் வெப் பக்கம் காட்டுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் அந்தப் போன்களில் வெப்வியூவும் அங்கேயே உறைந்துவிடும். முக்கியமான திரை எதையும் வெப்வியூவில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

என் பரிந்துரை: புது ஆப் என்றால் 24-இல் தொடங்குங்கள். கள ஆய்வில் ஆண்ட்ராய்டு 6 போன் முக்கியமான கையில் இருப்பது தெரிந்தால் 23-க்கு இறங்கலாம். 21, 22-க்கு இறங்குவது என்றால் லைப்ரரிகளைப் பழைய வெளியீட்டிலேயே பிடித்து வைக்க வேண்டும்; பாதுகாப்புத் திருத்தம் வந்தாலும் வாங்க முடியாது. அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அந்த இடத்தில் ஆப்பைக் கீழே இழுப்பதைவிட, மையத்துக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் போன் வாங்கிக் கொடுப்பது மலிவு.

பணம் அனுப்புவது, ஆதார் விவரம் சேமிப்பது போன்ற வேலை இருந்தால் கணக்கு வேறு. பல வருடமாகப் பாதுகாப்பு அப்டேட் வராத போனில் அவற்றை வைக்கக் கூடாது. ஒரே ஆப்பில் பதிவு போடும் பகுதி 24-இல் ஓடட்டும். பணப் பகுதி 29-க்கு மேல் மட்டும் திறக்கட்டும். வாசலை ஒன்றாகவும் உள் அறைகளைத் தனித்தனியாகவும் பூட்டலாம்.

படி 4: கோடில் பிரிவினையை ஒரே இடத்தில் வையுங்கள்

போனின் வெர்ஷனை ஓடும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள எஸ்டிகே இன்ட் என்ற மதிப்பு உண்டு. “26-க்கு மேல் என்றால் இப்படி, இல்லையென்றால் அப்படி” என்று எழுதலாம். ஆனால் இந்தக் கேள்வி ஐம்பது திரைகளிலும் சிதறிக் கிடந்தால், பின்னாளில் கோட்டை உயர்த்தும்போது எதை நீக்குவது என்றே தெரியாது. பிரிண்டர், நோட்டிஃபிகேஷன், ஃபைல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளாஸ் வைத்து, வெர்ஷன் கேள்வியை அதற்குள் மட்டும் கேளுங்கள். திரைகளுக்கு வெர்ஷன் என்ற ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. முடிந்த இடத்தில் கான்டெக்ஸ்ட் காம்பேட், நோட்டிஃபிகேஷன் காம்பேட் போன்ற ஆண்ட்ராய்டுஎக்ஸ் வடிவங்களையே பயன்படுத்துங்கள். அவை இந்தக் கேள்வியைத் தாங்களே கேட்டுக்கொள்ளும்.

கோடில் பிழை தேடும் கருவியான லின்ட்டில், மின் எஸ்டிகேயில் இல்லாத வசதியைப் பிடிக்கும் நியூ ஏபிஐ என்ற சோதனை உண்டு. அதை எச்சரிக்கையாக விடாமல் பிழையாகவே வையுங்கள். பில்ட் அங்கேயே நிற்கட்டும். அப்படியும் தப்பிவரும் சில பொறிகள் இருக்கின்றன.

முதலாவது தேதி. ஜாவா டைம் தொகுப்பு ஆண்ட்ராய்டு 8-இல்தான் வந்தது. பத்து நாள் பட்டுவாடாக் கணக்கை லோக்கல் டேட் வைத்து எழுதினால் ஆண்ட்ராய்டு 7-இல் அந்தத் திரை திறக்கும்போதே க்ராஷ் ஆகும். தீர்வு எளிது: கோர் லைப்ரரி டீஷுகரிங் என்ற வசதியைக் கிரேடிலில் (ஆப்பை பில்ட் செய்யும் கருவி) இயக்கி, அதற்கான லைப்ரரியைச் சேர்த்தால் போதும். கோடை மாற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது, பலரும் எதிர்பார்க்காதது. கம்பைல் எஸ்டிகேயை 35-க்கு உயர்த்திவிட்டு, கோட்லினில் பட்டியலின் முதல் உருப்படியை எடுக்க ரிமூவ் ஃபர்ஸ்ட் என்று எழுதினால், அது கோட்லினின் சொந்த வடிவத்துக்குப் பதிலாக ஜாவா பட்டியலில் புதிதாக வந்த வடிவத்தோடு போய் இணைந்துகொள்ளும். ஆண்ட்ராய்டு 15 போனில் ஓடும். 14-லும் அதற்குக் கீழும் “நோ சச் மெத்தட்” என்று விழும். ரிமூவ் லாஸ்ட்டுக்கும் இதே கதை. ரிமூவ் அட் என்று இடத்தைச் சொல்லி எடுத்தால் பிரச்சினை இல்லை. இதில் அடிபடுவது பத்து வருடப் பழைய போன் மட்டுமில்லை, முந்தாநாள் வாங்கியதும்தான்.

மூன்றாவது எஸ்க்யூலைட், அதாவது போனுக்குள் இருக்கும் டேட்டாபேஸ். அது ஆண்ட்ராய்டோடு சேர்ந்து வருவதால் போனுக்குப் போன் வெர்ஷன் மாறும். இருந்தால் திருத்து, இல்லையென்றால் சேர் என்று ஒரே வரியில் எழுதும் அப்சர்ட் வசதிக்கு எஸ்க்யூலைட் 3.24 வேண்டும். ஆண்ட்ராய்டு 10 வரைக்கும் உள்ள போன்களில் இருப்பது 3.22-ம் அதற்குக் கீழும். ஆண்ட்ராய்டு 11-இல்தான் 3.28 வந்தது. கையால் எழுதிய கொயரியில் (டேட்டாபேஸுக்கான கட்டளை) அப்சர்ட் இருந்தால், ரூம் என்ற ஆண்ட்ராய்டுஎக்ஸ் டேட்டாபேஸ் லைப்ரரியின் அப்சர்ட் குறிப்புக்கு மாறுங்கள். அது பழைய போனிலும் ஓடும். விண்டோ ஃபங்ஷன்களுக்கும் இதே எச்சரிக்கை.

படி 5: சர்ட்டிஃபிகேட்

பழைய போன் பிரச்சினைகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இது. ஆப் திறக்கும், பதிவு போடலாம், ஆனால் சர்வருக்கு எதுவும் போகாது. திரையில் “நெட் இல்லை” என்று வரும். மையத்துக்காரர் சிம் கார்டை மாற்றிப் பார்ப்பார், ரீசார்ஜ் கடைக்குப் போவார். நெட் நன்றாகவே இருக்கும்.

காரணம் இப்படி. சர்வர் தன்னை உண்மையானது என்று நிரூபிக்கக் காட்டும் டிஜிட்டல் சான்றுதான் சர்ட்டிஃபிகேட். நம் சர்வர்கள் பலவும் லெட்ஸ் என்க்ரிப்ட் கொடுக்கும் இலவச சர்ட்டிஃபிகேட்டில் ஓடுகின்றன. அதை நம்புவதற்கு ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 என்ற மூலச் சர்ட்டிஃபிகேட் போனுக்குள் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அது 7.1.1-இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய போன்களுக்காக லெட்ஸ் என்க்ரிப்ட் வேறொரு பழைய மூலத்தின் குறுக்குக் கையொப்பத்தைப் பயன்படுத்தி வந்தது. அந்த ஏற்பாடு 2024 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. அன்றிலிருந்து 7.0-ம் அதற்குக் கீழும் உள்ள போன்கள், நாம் ஏதாவது செய்தால் ஒழிய, அந்த சர்வர்களை நம்பாது. லாகில் “ட்ரஸ்ட் ஆங்கர் ஃபார் சர்ட்டிஃபிகேஷன் பாத் நாட் ஃபவுண்ட்” என்ற வரி இருந்தால் இதுதான்.

செய்ய வேண்டியதைப் போன் வெர்ஷன் வாரியாகச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு 7.0-க்கு நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக் என்ற எக்ஸ்எம்எல் ஃபைல் உண்டு. ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1-ஐ அவர்கள் தளத்திலேயே இறக்கி, ஆப்பின் ரா ஃபோல்டரில் வைத்து, அந்த எக்ஸ்எம்எல்லில் சிஸ்டம் மூலங்களோடு இதையும் சேர்க்கச் சொல்லுங்கள். சிஸ்டம் என்ற வரியை விட்டுவிடக் கூடாது. விட்டால் மற்ற எல்லா சர்வர்களும் அறுந்துபோகும். ஆண்ட்ராய்டு 6-க்கு இந்த ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது. அங்கே சர்வரோடு பேசும் ஓகேஹெச்டிடிபி லைப்ரரியின் டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்பு) துணை லைப்ரரியில் ஹேண்ட்ஷேக் சர்ட்டிஃபிகேட்ஸ் என்ற வசதியை வைத்து, போனில் உள்ள மூலங்களோடு நம்முடையதையும் சேர்த்து, அந்த க்ளையன்ட்டையே ஆப் முழுவதும் பயன்படுத்த வேண்டும். படம் இறக்கும் லைப்ரரிக்கும் இதே க்ளையன்ட்டைக் கொடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் கணக்கு வரும், படம் வராது.

அந்த மூலச் சர்ட்டிஃபிகேட் 2035 வரை செல்லும். நம் பழைய போன்கள் அதற்குள் ஓய்வு பெற்றுவிடும்.

எந்தச் சர்ட்டிஃபிகேட் வந்தாலும் சரி என்று ஒப்புக்கொள்ளும் ட்ரஸ்ட் மேனேஜரை இணையத்தில் எங்காவது பார்த்து ஒட்டிவிடாதீர்கள். பிழை உடனே மறையும். கூடவே, நடுவில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் பால் கணக்கைப் படிக்கலாம், மாற்றலாம் என்ற நிலையும் வரும். ப்ளே ஸ்டோரும் அதைப் பிடித்து எச்சரிக்கும்.

இன்னொன்று: பேட்டரி தேய்ந்த போன் அணைந்து எழும்போது சில சமயம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போதும் சர்ட்டிஃபிகேட் செல்லாது. போனின் தேதி, ஆப் பில்ட் ஆன தேதிக்கு முன்னால் இருந்தால், “போனில் தேதி தவறாக இருக்கிறது, சரி செய்யுங்கள்” என்று தமிழில் சொல்லி, தேதி செட்டிங்ஸுக்கு நேரே கொண்டுபோகும் பட்டனும் கொடுங்கள். வேலை கொஞ்சம்தான், மிச்சமாகும் போன் கால்கள் ஏராளம்.

படி 6: பர்மிஷன், பிரிண்டர், ஃபைல்

ஆண்ட்ராய்டு 6 முதல் பர்மிஷனை ஓடும்போது கேட்க வேண்டும். நோட்டிஃபிகேஷனுக்கு 8-இல் சேனல் வந்தது, 13-இல் தனி பர்மிஷன் வந்தது. இவை எல்லோரும் அறிந்தவை.

ப்ளூடூத் பிரிண்டரில்தான் சிக்கல். 6 முதல் 11 வரை, புது சாதனத்தைத் தேடுவதற்கு லொகேஷன் பர்மிஷன் வேண்டும். சீட்டு அடிக்கிற ஆப் இருப்பிடம் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும், மறுத்துவிடுவார்கள். தேடவே வேண்டாம் என்பதுதான் தீர்வு. பிரிண்டரை போன் செட்டிங்ஸில் ஒரு முறை பேர் (pair) செய்துகொள்ளச் சொல்லுங்கள். ஆப்பில், ஏற்கெனவே பேர் ஆன சாதனங்களின் பட்டியலை மட்டும் காட்டுங்கள். அதற்கு 11 வரை லொகேஷன் தேவையில்லை. 12 முதல் ப்ளூடூத் கனெக்ட் பர்மிஷன் ஒன்றை மட்டும் கேட்டால் போதும். மேனிஃபெஸ்டில் (ஆப்பின் விவரக் கோப்பு) பழைய ப்ளூடூத் பர்மிஷனுக்கு அதிகபட்ச எண் 30 என்று குறித்துவிடுங்கள்.

இந்த மலிவு பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்து கிடையாது. பெயரை நேராக அனுப்பினால் கேள்விக்குறிகள் அச்சாகும். சீட்டைப் படமாக வரைந்து அனுப்புங்கள். 58 மில்லிமீட்டர் பிரிண்டரின் அகலம் பொதுவாக 384 புள்ளி. எழுத்தை வரிவரியாக மடக்க ஸ்டேடிக் லேஅவுட் பில்டர் உதவும்; அது 23-இல் இருந்தே இருக்கிறது. கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது எழுத்தைக் கொஞ்சம் தடிமனாக வையுங்கள். எழுத்து வித்தியாசம் சீட்டில் தெரியாவிட்டால் பழனியம்மாளும் பழனியப்பனும் தகராறுக்கு வருவார்கள்.

ஃபைல் சேமிப்புக்கு, ஆண்ட்ராய்டு 10, 11-இல் வந்த மாற்றங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். எங்கே சேமிப்பது என்று பயனரையே தேர்ந்தெடுக்கவிடும் சிஸ்டம் திரை 4.4-இல் இருந்தே இருக்கிறது; பர்மிஷனும் கேட்காது. மாதக் கணக்கு பிடிஎஃப்பை வாட்ஸப்பில் அனுப்ப ஃபைல் ப்ரொவைடர் வேண்டும், 7.0 முதல் நேரடி ஃபைல் பாதையைக் கொடுத்தால் ஆப் விழுந்துவிடும்.

பின்னணியில் சர்வருக்கு அனுப்பும் வேலையை ஒர்க் மேனேஜர் என்ற ஆண்ட்ராய்டுஎக்ஸ் வசதியிடம் விடுங்கள். காலைப் பால் முடியும்வரை நெட் வராமல் போகலாம். பதிவு முதலில் போனுக்குள், ரூமில், விழ வேண்டும். சீட்டு அங்கிருந்தே அடிக்க வேண்டும். சர்வர் பிற்பாடு. பழைய போன் என்றில்லை, எந்தப் போனுக்கும் இதுதான் வரிசை.

படி 7: தமிழ்

போன் ஆங்கிலத்தில் இருக்கும், ஆப் மட்டும் தமிழில் வேண்டும் என்பது இங்கே வழக்கமான தேவை. ஆண்ட்ராய்டு 13-இல் சிஸ்டமே இதைக் கொடுக்கிறது. கீழ் வெர்ஷன்களுக்கு ஆப்காம்பேட் லைப்ரரியின் 1.6 முதல் அதே வசதி உண்டு. தேர்ந்தெடுத்த மொழியை நினைவில் வைக்கும் வேலையையும் அதனிடமே விட, மேனிஃபெஸ்டில் ஒரு சின்னக் குறிப்பு சேர்த்தால் போதும்.

இதில் ஒரு பொறி, நம் மொழிக்காரர்களை மட்டும் குறிவைத்து வைத்ததுபோல் இருக்கிறது. ஆப் பண்டிலாக (ப்ளே ஸ்டோருக்கு ஏற்றும் தொகுப்பு வடிவம்) ஏற்றும்போது ப்ளே ஸ்டோர் போனின் மொழிக்கான எழுத்துகளை மட்டும் இறக்கும். போன் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ் இறங்கவே இறங்காது. ஆப்பில் தமிழைத் தேர்ந்தெடுத்தாலும் ஆங்கிலமே நிற்கும். நம் மேசையில் நேராக இன்ஸ்டால் செய்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருப்பதால் பிடிபடாது. கிரேடிலில் பண்டில் பகுதியில் மொழிப் பிரிப்பை நிறுத்திவிடுங்கள்.

பட்டனில் தமிழ் வார்த்தை நீளும். சின்னத் திரையில், அதிலும் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவரிடம், “சேமிக்கவும்” பாதியில் வெட்டுப்படும். உயரத்தை எண்ணால் கட்டிவைக்காதீர்கள்.

படி 8: எடையைக் குறையுங்கள்

300 எம்பி கூட மிச்சமில்லாத போனில் 80 எம்பி ஆப்புக்கு இடம் கேட்பது நியாயமில்லை. வேண்டாத கோடை நீக்கிச் சுருக்கும் ஆர்8-ஐ இயக்குங்கள், படங்களை வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றுங்கள், வேண்டாத லைப்ரரியை எடுங்கள். 32 பிட் நேட்டிவ் கோடை நீக்கிவிடாதீர்கள். ரேம் குறைந்த போன்கள் பலவும் அதில்தான் ஓடுகின்றன. ப்ளே ஸ்டோர் 64 பிட்டும் வேண்டும் என்கிறதே தவிர, 32 கூடாது என்று சொல்லவில்லை. ஆக்டிவிட்டி மேனேஜரிடம் “இது ரேம் குறைந்த போனா” என்று கேட்கலாம். ஆம் என்றால் அனிமேஷனையும் பெரிய படங்களையும் நிறுத்திவிடுங்கள்.

படி 9: உண்மையான போனில் சோதியுங்கள்

எமுலேட்டரில் 24-க்கான இமேஜ் இறக்கி, திரைகள் திறக்கின்றனவா என்று பார்ப்பது முதல் கட்டம். ஆனால் எமுலேட்டர் நம் லேப்டாப்பின் ரேமில் ஓடுகிறது, அதில் ப்ளூடூத் பிரிண்டரை மாட்ட முடியாது, ஸ்டோரேஜும் காலியாகவே இருக்கும். காந்திபுரத்தில் பழைய போன் விற்கும் கடைகளில் உங்கள் மின் எஸ்டிகேயில் உள்ள போன் ஒன்றும், 2 ஜிபி ரேம் போன் ஒன்றும் தேடி வாங்குங்கள். வாங்கியதும் சுத்தமாக ரீசெட் செய்துவிடாமல், வீடியோக்களால் நிரப்புங்கள். களத்தில் போன் அப்படித்தான் இருக்கும்.

சோதனையைப் பட்டியலாகப் போடுங்கள்: முந்தைய வெர்ஷனில் பதிவுகள் போட்டுவிட்டு மேலே புதியதை இன்ஸ்டால் செய்தால் கணக்கு அப்படியே இருக்கிறதா, ஏரோப்ளேன் மோடில் பதிவு, சீட்டு இரண்டும் நடக்கிறதா, சீட்டு அடிக்கும் நடுவில் கால் வந்தால் என்ன ஆகிறது, பேட்டரி கழற்றி மாட்டினால் கடைசிப் பதிவு இருக்கிறதா. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும்.

ஐபோன் கேட்டால்: அங்கே இதே வேலையை டிப்ளாய்மென்ட் டார்கெட் என்ற எண் செய்கிறது. ஐபோன் 6 ஐஓஎஸ் 12-லும், 6எஸ்-ம் 7-ம் 15-லும், 8-ம் எக்ஸ்-ம் 16-லும் நின்றுவிட்டன. நாம் கோட்டை உயர்த்தினாலும், முன்பு வாங்கியவருக்கு அந்தப் போனில் ஓடும் கடைசி வெர்ஷனை ஆப் ஸ்டோரே எடுத்துக் கொடுக்கும். நம் களங்களிலும் குடோன்களிலும் ஐபோன் அரிது என்பதால் இதற்கு மேல் நீட்டவில்லை.

படி 10: வெளியீடும், விடைபெறுதலும்

ஒரே நாளில் எல்லோருக்கும் தள்ளாதீர்கள். ப்ளே கன்சோலில் படிப்படியான வெளியீடு உண்டு: முதலில் சின்ன விழுக்காடு, பின் க்ராஷ் விவரத்தை ஆண்ட்ராய்டு வெர்ஷன் வாரியாகப் பிரித்துப் பார்த்து, கூட்டிக்கொண்டே போகலாம். மொத்தக் க்ராஷ் விகிதம் அழகாக இருக்கும்போதே ஆண்ட்ராய்டு 7-இல் மட்டும் எல்லோருக்கும் விழுந்துகொண்டிருக்கலாம். பிரித்துப் பார்க்காமல் தெரியாது.

ஒரு நாள் கோட்டை உயர்த்தத்தான் வேண்டிவரும். அதற்கும் முறை இருக்கிறது. வேலைக் காலம் பார்த்துச் செய்யுங்கள். ஈரோட்டு மஞ்சள் வியாபாரிக்கான ஆப் என்றால் புது மஞ்சள் வரத்து தொடங்கும் தை, மாசியில் தொடாதீர்கள். திருப்பூர் ஜாப் ஒர்க் ஆப் என்றால் தீபாவளி போனஸ் கணக்கு முடியட்டும். மூன்று மாதம் முன்பே, அந்தப் பழைய போன்களில் மட்டும், திறந்ததும் ஒரு அறிவிப்பு வரட்டும்: இன்ன தேதிக்குப் பின் புது வசதிகள் வராது, போனில் உள்ள கணக்கு அழியாது. பெரிய மையங்களுக்குப் போனில் கூப்பிட்டே சொல்லிவிடுங்கள்.

மின் எஸ்டிகேயை உயர்த்தினால், பழைய போனில் ஏற்கெனவே உள்ள ஆப் அழியாது. ஆனால் அந்தப் போனை ரீசெட் செய்தால் ப்ளே ஸ்டோரில் மறுபடி கிடைக்காது. இதைத் தவிர்க்க, புது வெளியீட்டோடு பழைய பண்டிலையும் ப்ளே கன்சோலின் லைப்ரரியில் இருந்து சேர்த்து வைக்கலாம். பழையதன் வெர்ஷன் கோடு சின்ன எண்ணாகவும் புதியதன் கோடு பெரிய எண்ணாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு போனும் தனக்குப் பொருந்துவதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளும்.

சர்வர் பக்கத்தில், பழைய ஆப் கூப்பிடும் பாதைகளைக் குறைந்தது ஒரு நிதியாண்டு முடியும்வரை மூடாதீர்கள். மூடும் நாள் வந்தால் முதலில் பதிவு ஏற்பதை மட்டும் நிறுத்தி, பழைய கணக்கைப் பார்ப்பதையும் பிடிஎஃப் எடுப்பதையும் விட்டுவையுங்கள். கடைசிப் பண்டிலில் அவசியம் இருக்க வேண்டியது ஒரு பட்டன்: மொத்தக் கணக்கையும் ஒரே ஃபைலாக்கி வாட்ஸப்பில் அனுப்புவது. மையத்துக்காரர் புதுப் போன் வாங்கியதும் அதே ஃபைலை ஆப் உள்ளே எடுத்துக்கொண்டு, ஆள் பெயர், பாக்கி, முன்பணம் எல்லாவற்றையும் விட்ட இடத்தில் இருந்து காட்ட வேண்டும். இந்த மாற்றத்தை நீங்கள் வாங்கிவைத்த பழைய போனில் இருந்து புதுப் போனுக்கு ஒரு முறை முழுதாகச் செய்து பார்த்து, கடைசிப் பாக்கித் தொகை பைசா வரை ஒத்துப்போன பின்பே மின் எஸ்டிகே வரியைத் திருத்துங்கள்.